ஆறு வரிசை ஏறிய சுவரைப் பிரிக்கலாமா?

கேள்வி: எங்கள் மனை சரிவானது. மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் 1.8 மீட்டர் உயர வித்தியாசம். மேலே கார் நிறுத்த இடம் வேண்டும் என்பதால், கலவை இல்லாமல் அடுக்கிக் கட்டும் கான்கிரீட் பிளாக்கில் தடுப்புச் சுவர் எழுப்ப ஆரம்பித்தோம். ஒரு பிளாக் 20 செ.மீ. உயரம், 30 செ.மீ. ஆழம். ஆறு வரிசை முடிந்துவிட்டது. தோண்டி எடுத்த களிமண்ணையே பின்னால் தள்ளி நிரப்பினோம். இரண்டு நாள் மழை பெய்ததும் மூன்றாவது, நான்காவது வரிசை நடுப்பகுதியில் ஒரு விரல் அளவு வெளியே தள்ளிவிட்டது. பிளாக் குழிகளில் கம்பி இறக்கி கான்கிரீட் போட்டுவிட்டால் அசையாது என்கிறார் கான்ட்ராக்டர். பிளாக் விற்றவர்களோ ஜியோகிரிட் (மண்ணுக்குள் விரிக்கும் வலை) போடச் சொல்கிறார்கள். அது வியாபாரப் பேச்சா, உண்மையிலேயே தேவையா? அரை மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு படியாகக் கட்டினால் எதுவுமே வேண்டாம் என்கிறான் தம்பி. மேலே விளிம்பில் கம்பி வேலியும் போட வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வரிசையையும் பிரித்துவிடுங்கள். கேட்க வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் கலவை போடாமல் அடுக்கிய சுவரில் ஒரு வசதி உண்டு: பிரித்தால் பிளாக் எல்லாம் முழுசாகத் திரும்பக் கிடைக்கும். கூலி போகும், பொருள் போகாது. கான்கிரீட் ஊற்றிவிட்டால் அந்த வசதியும் போய்விடும். அதனால்தான் அவசரமாகச் சொல்கிறேன், கான்ட்ராக்டரைக் கான்கிரீட் போட விடாதீர்கள்.

அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை. செங்கல் சுவரும் கான்கிரீட் சுவரும் கட்டிப் பழகியவர்களுக்கு, ஒரு சுவர் அசைந்தால் அதை இறுக்க வேண்டும் என்றுதான் தோன்றும். இந்தச் சுவர் அந்த வகையே இல்லை. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மேலிருந்து இறக்கும் கம்பியின் கீழ்நுனி எங்கே போய் நிற்கும்? ஜல்லியில் நிற்கும், அல்லது வெறும் மண்ணில் நிற்கும். கான்கிரீட் தடுப்புச் சுவரில் கம்பி அடித்தளத்திலிருந்து புறப்பட்டு மேலே வருகிறது. அந்த அடித்தளம் சுவருக்குப் பின்னால் அகலமாக நீண்டு, தன் மேல் இருக்கும் மண்ணின் எடையையே பிடிமானமாக வைத்துக்கொண்டு, சுவரைச் சாயவிடாமல் நிறுத்துகிறது. உங்கள் சுவரில் அடித்தளமே இல்லை. கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்து 30 செ.மீ. தடிப்புள்ள ஒரு பலகையைத்தான் உண்டாக்கும். முன்பு வரிசை வரிசையாக நகர்ந்தது, இனி மொத்தமாகச் சாயும். போதாததற்கு, பிளாக் இடுக்குகள் வழியாகக் கொஞ்சம் கசிந்துகொண்டிருந்த தண்ணீரும் அடைபடும்.

சரி, சுவர் ஏன் தள்ளியது? கொஞ்சம் கணக்குப் பார்ப்போம், பெரிய கணக்கு இல்லை. பொறியாளர் ராங்கின் 1857இல் கொடுத்த சூத்திரம்தான் இன்றைக்கும் முதல் மதிப்பீட்டுக்கு உதவுகிறது. ஓரளவு நல்ல, வடியக்கூடிய மண் என்றால், எந்த ஆழத்திலும் மேலிருந்து அழுத்தும் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் தள்ளும். மண்ணின் எடை கன மீட்டருக்கு 1.8 டன் என்று வைத்துக்கொள்வோம். 1 மீட்டர் உயரச் சுவரில், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 0.3 டன் தள்ளுவிசை வரும். உங்கள் சுவரில் 1.8 மீட்டர் வெளியே தெரியும், ஒரு வரிசை பூமிக்குள் புதையும். மொத்தம் 2 மீட்டர், 10 வரிசை. உயரம் இரண்டு மடங்கானால் தள்ளுவிசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும்: 1.2 டன். சாய்க்கும் திருப்புவிசையோ எட்டு மடங்கு.

எதிர்த்து நிற்பது என்ன? குழிகளில் ஜல்லி நிரப்பிய 30 செ.மீ. பிளாக் சுவர், 1 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 0.6 டன், 2 மீட்டருக்கு 1.2 டன். அடியில் உராய்வாகக் கிடைப்பது அந்த எடையில் கிட்டத்தட்ட 0.6 பங்கு. ஆகவே 1 மீட்டர் சுவரில் 0.3 டன் தள்ளுவிசைக்கு எதிராக 0.36 டன் இருக்கிறது. சுவர் பின்பக்கம் சாய்ந்து ஏறுவதும், மண் சுவரின் முதுகில் உரசுவதும் இன்னும் கொஞ்சம் கைகொடுக்கும்; அதனால் பின்னால் சமதரையாக இருந்து, மேலே பாரமும் இல்லாவிட்டால் நின்றுவிடும். 2 மீட்டரில் 1.2 டன்னுக்கு எதிராக 0.72 டன்தான். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. வெறும் எடையை நம்பி நிற்கும் பிளாக் சுவர் சுமார் 1 மீட்டரோடு நின்றுவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்வதன் காரணம் இதுதான்.

இதுவரை பார்த்தது காய்ந்த மண்ணின் கணக்கு. சுவருக்குப் பின்னால் 2 மீட்டருக்கும் தண்ணீர் தேங்கினால், தண்ணீர் மட்டுமே 2 டன் தள்ளும். நீரில் மிதந்து எடை குறைந்த மண் இன்னொரு அரை டன் தள்ளும். ஆக 1.2 டன் 2.5 டன்னாக மாறுகிறது. அதற்கு மேல் கார். சதுர மீட்டருக்கு 1 டன் பாரம் என்று எடுப்பது இந்த மாதிரி இடத்துக்கு வழக்கமான கணக்கு. அது பக்கவாட்டில் இன்னும் 0.67 டன் கூட்டும். நீங்கள் நிரப்பிய களிமண் தண்ணீரை உள்ளே விடத் தயங்கும், விட்ட தண்ணீரை வெளியே விடவே விடாது. ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், அடுத்த மழை அந்த வெடிப்பு வழியாக நேராக இறங்கும். இரண்டு நாள் மழையில் ஒரு விரல் தள்ளியது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நல்லவேளை, கார் ஏறுவதற்கு முன்பே தள்ளியது.

இப்போது ஜியோகிரிட். வியாபாரப் பேச்சில்லை, உங்கள் சுவருக்கு அது கட்டாயம் வேண்டும். மண்ணுக்குள் கீற்றுகளைப் படுக்க வைத்து மண்ணையே சுவராக்கும் யோசனையை 1960களில் முறையாக்கியவர் ஹென்றி விடால் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். அவர் உலோகப் பட்டைகளைப் பயன்படுத்தினார். இன்றைக்குப் பாலியஸ்டர் அல்லது பாலிஎத்திலீன் வலை. பிளாக் வரிசைகளுக்கு நடுவே வலையின் முன்விளிம்பு சிக்கியிருக்கும், மீதி பின்னால் மண்ணுக்குள் படுத்திருக்கும். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் பாயை உருவ முடியாத மாதிரி, மேலே இருக்கும் மண்ணின் எடையே வலையைப் பிடித்துக்கொள்ளும். முகப்பிலிருந்து 1.5 மீட்டர் ஆழத்துக்கு வலை போட்டால், பிளாக்கும் மண்ணும் சேர்ந்து 1.5 மீட்டர் தடிப்புள்ள ஒரே கட்டியாக வேலை செய்யும். அதன் எடை மீட்டர் நீளத்துக்கு 5.4 டன், அடி உராய்வு 3 டன்னுக்குச் சற்று மேல். மண்ணும் காரும் சேர்ந்து தள்ளுவது 1.9 டன்னுக்குள். வழுக்கலுக்கு எதிராக 1.5 மடங்காவது கையிருப்பு வேண்டும் என்பது விதி. இங்கே சுமார் 1.6 வருகிறது. இந்தக் கணக்கில் தண்ணீர் சேரவில்லை என்பதைக் கவனியுங்கள். தண்ணீரைத் தேங்க விட மாட்டோம் என்ற நம்பிக்கையில்தான் மொத்தச் சுவரும் நிற்கிறது.

வலையின் நீளம் சுவர் உயரத்தில் 0.6 பங்குக்குக் குறையவே கூடாது. பாரம் இருந்தால், பின்னால் சரிவு இருந்தால், அதிகமாகும். ஒரு வலைக்கும் அடுத்த வலைக்கும் நடுவே 60 செ.மீ.க்கு மேல் இடைவெளி விடக் கூடாது. உங்கள் 10 வரிசைக்கு 2, 5, 8ஆம் வரிசைகளின் மேல் வலை என்று ஆரம்பித்து யோசிக்கலாம். கார் இருப்பதால் 2, 4, 6, 8 என்று நான்கு அடுக்குகூடத் தேவைப்படலாம். இதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்த பொறியாளர், கடிதத்தைப் படித்த நான் இல்லை. 1.2 மீட்டருக்கு மேற்பட்ட தடுப்புச் சுவருக்குப் பொறியாளரின் வரைபடமும் கையெழுத்தும் கேட்பது பல நாடுகளில் வழக்கம். உங்கள் பகுதியின் விதி என்னவானாலும், மேலே கார் நிற்கப்போகும் சுவருக்கு அதை வாங்கிவிடுங்கள். கீழே சரிவு தொடர்ந்து இறங்குகிறதா என்றும் அவரிடம் காட்டுங்கள். சில இடங்களில் சுவர் நன்றாக இருக்கும், சுவருக்கு அடியில் போகும் ஆழமான மண்சரிவு சுவரையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

ஏறிய ஆறு வரிசைக்கு இடையில் இனி வலையை நுழைக்க முடியாது. பிரிக்கச் சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

தம்பியின் யோசனை மோசமில்லை, இடைவெளிதான் தவறு. மேல்சுவர் கீழ்ச்சுவருக்குப் பாரமாகாமல் இருக்க, கீழ்ச்சுவரின் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது பின்னால் தள்ளி நிற்க வேண்டும். 0.9 மீட்டர் சுவர் என்றால் 1.8 மீட்டர் தள்ளி. அரை மீட்டரில் வைத்தால் அது இரண்டு சின்னச் சுவர் அல்ல, படி வெட்டிய ஒரே பெரிய சுவர். 1.8 மீட்டர் விட இடம் இருந்தாலும், காரைத் தாங்கப்போகும் மேல்சுவருக்குத் தனியாகக் கணக்குப் போட்டே ஆக வேண்டும், வலை தப்பாது. எனவே கார் நிறுத்தும் அகலத்தை இழந்து உங்களுக்குப் பெரிதாக லாபம் வராது. ஒற்றைச் சுவராகவே போகலாம்.

கட்டும்போது எங்கே கண் வைக்க வேண்டும்? இந்த வகைச் சுவர்கள் ஏன் விழுகின்றன என்று 171 சம்பவங்களைத் தொகுத்து ராபர்ட் கோர்னரும் ஜார்ஜ் கோர்னரும் 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவற்றில் 61 சதவீதத்தில் வலைப்பகுதிக்குள் வண்டலோ களிமண்ணோ நிரப்பியிருந்தார்கள். 60 சதவீதத்துக்குக் காரணம் தண்ணீர். 86 சதவீதம் கட்டி நான்கு ஆண்டுக்குள் விழுந்துவிட்டன. வலை தரமில்லாமல் விழுந்தது என்று ஒன்றுகூட இல்லை. அதனால் எந்த கம்பெனி வலை நல்லது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, பின்னால் என்ன மண் கொட்டுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்ப்பது மேல்.

முதலில் தோண்டும் வேலை. வலைக்கு இடம் வேண்டும் என்பதால் முகப்பிலிருந்து 1.5 மீட்டருக்கும் சற்று அதிகமாகப் பின்னால் வெட்ட வேண்டியிருக்கும். மழையில் ஊறிய களிமண்ணைச் செங்குத்தாக வெட்டிவிட்டு அதன் அடியில் ஆளை இறக்காதீர்கள். சரிவாக அல்லது படிபடியாக வெட்டுங்கள். 1.8 மீட்டர்தானே என்று நினைக்கக் கூடாது. ஒரு கன மீட்டர் மண் சரிந்தாலே கிட்டத்தட்ட இரண்டு டன்.

அடியில் கான்கிரீட் வேண்டாம். கிரஷர் ஜல்லியும் துகளும் கலந்ததை 15 செ.மீ. தடிப்புக்குப் பரப்பி, பிளேட் கம்பாக்டரால் நன்றாக இறுக்குங்கள். அகலம் பிளாக்குக்கு முன்னும் பின்னும் 15 செ.மீ. வீதம் கூட, அதாவது 60 செ.மீ. அதற்குக் கீழே இளகின மண்ணோ குப்பைமண்ணோ இருந்தால் எடுத்துவிட்டு நல்ல மண் நிரப்பி இறுக்கிவிட்டுத்தான் இதைப் போட வேண்டும்.

முதல் வரிசைக்குத் தாராளமாக நேரம் கொடுங்கள். வேலை நகரவே இல்லையே என்று தோன்றும், பரவாயில்லை. நூலை பிளாக்கின் முகப்பில் பிடிக்காதீர்கள். முகப்பு சொரசொரப்பாக உடைக்கப்பட்டது, நேர்கோடு கிடைக்காது. பின்விளிம்பில் பிடியுங்கள். ஒவ்வொரு பிளாக்கிலும் ரசமட்டத்தை இடவலமாக ஒருமுறை, முன்பின்னாக ஒருமுறை வைத்துப் பார்த்து, ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வையுங்கள். முன்பின் மட்டம்தான் பலரும் விடுவது. அங்கே பிளாக் 3 மி.மீ. முன்னால் தணிந்திருந்தால், 10ஆவது வரிசையில் சுவர் 2 செ.மீ. முன்னால் வந்திருக்கும், பின்பக்கம் சாயவேண்டிய சாய்வில் அது கழியும்.

அடுத்தடுத்த வரிசைக்கு முன் மேற்பரப்பைத் துடைப்பத்தால் பெருக்கச் சொல்லுங்கள். ஒரு கடலை அளவு ஜல்லி இடையில் சிக்கினால் பிளாக் ஆடும், பாரம் அந்தப் புள்ளியிலேயே விழுந்து பின்னால் விரிசல் காட்டும். வைத்த பிளாக்கை, கீழ் வரிசையோடு பூட்டும் முள்ளிலோ உதட்டிலோ மாட்டும் வரை முன்னால் இழுத்துவிட வேண்டும். வரிசைக்கு 25 மி.மீ. வீதம் உள்வாங்கும் பிளாக் என்றால் 10 வரிசையில் 22 செ.மீ.க்கு மேல் உள்ளே போய்விடும். கார் நிறுத்தும் இடத்தின் அளவை மேல்விளிம்பிலிருந்து திருப்பிக் கணக்கிட்டு, முதல் வரிசையை அவ்வளவு முன்னால் தள்ளி ஆரம்பியுங்கள். இதை மறந்துவிட்டுக் கடைசியில் கார் கதவு திறக்க இடமில்லை என்பவர்கள் உண்டு.

பிளாக்குக்குள்ளும் அதன் பின்னால் 30 செ.மீ. அகலத்துக்கும் துகள் இல்லாத முக்கால் அங்குல ஜல்லி. அதன் அடியில் 100 மி.மீ. துளைக்குழாய், நீளவாக்கில் 1 சதவீதச் சாய்வு, நுனி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வெளியே. வெளியேற வழியில்லாத குழாய் தண்ணீரைச் சேமிக்கும் தொட்டிதான். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டித் துணி; இல்லாவிட்டால் மண் மெதுவாக ஜல்லிக்குள் புகுந்து அடைத்துவிடும். உங்கள் களிமண்ணை வலைப்பகுதிக்குள் திரும்பப் போடவே வேண்டாம். மணலும் சரளையும் கலந்த மண், 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் நுண்துகள் 35 சதவீதத்துக்கு மிகாமல். களிமண்ணைக் கடைசியில் மேலே 20, 30 செ.மீ. மூடியாகப் போடலாம்; மழைநீரை உள்ளே விடாமல் அங்கேதான் அது உருப்படியாக உதவும். கார் நிற்கும் தரையின் சாய்வு சுவருக்கு எதிர்த்திசையில் இருக்கட்டும். கூரைத் தண்ணீர்க் குழாயைச் சுவருக்குப் பின்னால் கொண்டுவந்து விடாதீர்கள், தோட்டத்துக்குப் பாய்ச்சும் குழாயும் வலைப்பகுதிக்குள் வேண்டாம்.

மண்ணை 15 முதல் 20 செ.மீ. அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் இறுக்கிவிட்டுத்தான் அடுத்தது. முகப்பிலிருந்து 1 மீட்டருக்குள் கையால் தள்ளும் கம்பாக்டர் மட்டும். ரோலரை அங்கே கொண்டுவந்தால், மழை செய்ததை ரோலரே ஒரு மணி நேரத்தில் செய்துவிடும். வலைக்கு வலுவான திசை ஒன்று உண்டு, அது சுவருக்குக் குறுக்காக, உள்நோக்கிப் போக வேண்டும். வலைச் சுருளைச் சுவர் ஓரமாகவே நீளத்துக்கு உருட்டிவிடுவது வேலையாளுக்குச் சுலபம், பெரும்பாலான வலையில் அது சரியாகத் தவறான திசை. கேட்டுத் தெரிந்துகொண்டு வெட்டச் சொல்லுங்கள். பின்னால் இழுத்துப் பிடித்து, முளை அடித்து, அதன் பிறகு மண் போடுங்கள். 15 செ.மீ. மண் மூடும் வரை சங்கிலிச் சக்கர வண்டி அதன் மேல் ஏறக் கூடாது.

பிளாக்குக்குள் கான்கிரீட் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இங்கே வருகிறது: நீங்கள் வாங்கும் வலை பாலியஸ்டர் என்றால், புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை அதன் இழையை அரிக்கும்.

வேலியை மறக்கவில்லை. மேல்வரிசை பிளாக்கில் துளை போட்டுத் தூண் நிறுத்தாதீர்கள். யாராவது சாய்ந்தாலே அந்தப் பிளாக் பெயரும். தூணைச் சுவருக்கு 1 மீட்டர் பின்னால் நிறுத்த முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் இப்போதே இடத்தைப் பொறியாளரிடம் சொல்லி, வலை போடும்போதே அந்த இடங்களில் தூணை இறக்க உறைக்குழாய் வைத்துக்கொண்டு ஏறுங்கள். முடிந்த பிறகு குழி தோண்டினால் மேல் இரண்டு வலையையும் கடப்பாரை கிழித்துவிடும். காரைத் தடுக்க வேண்டும் என்றால் வேலி போதாது. சக்கரத்தை நிறுத்தும் கட்டையைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளித் தரையிலேயே பதியுங்கள்.

பிரிக்கும்போது மேலிருந்து வரிசையாக எடுங்கள், அதற்கு முன் பின்னால் இருக்கும் களிமண்ணை அதே மட்டத்துக்கு இறக்கிவிடுங்கள். மண் இருக்கும்போதே பிளாக்கை உருவினால் மற்றது காலில் வந்து விழும். விளிம்பு சிதைந்த பிளாக் சில வரத்தான் செய்யும். அவற்றைப் புதையும் முதல் வரிசைக்கு வைத்துக்கொள்ளலாம், முகப்பு மட்டும் சிதைந்து அடியும் மேலும் ஒழுங்காக இருந்தால். அடி உடைந்ததைக் கழித்துவிடுங்கள்.